குழிக்கும் ஊருக்கும் நடுவே எட்டு கிலோமீட்டர்

ஐயா,

வணக்கம். உடுமலைப்பேட்டையில் நாங்கள் ஆறேழு பேர் மாதம் ஒரு படம் பார்த்து, மறுநாள் சாயங்காலம் உட்கார்ந்து பேசுவோம். போன மாதம் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’: கேரளத்திலிருந்து கொடைக்கானல் குணா குகைக்கு வந்த நண்பர்களில் ஒருவர் குழிக்குள் விழ, இன்னொருவர் இறங்கி மீட்ட உண்மைச் சம்பவத்தை வைத்து எடுத்த படம். பேச்சு படத்தில் தொடங்கி, 2006ல் உண்மையில் என்ன நடந்தது என்பதில் போய் நின்றது. ஆளுக்கொரு கதை சொன்னார்கள். சரி, நேரில் போய்ப் பார்த்து ஒரு கட்டுரை எழுதுவோம் என்று முடிவு செய்திருக்கிறோம். நான்கு பேர், ஒரு கார், ஒரே நாள்.

குழியைப் பார்க்க விடுவார்களா? வனத்துறையிடம் முன் அனுமதி வாங்கினால் உள்ளே போகலாம் என்று ஒருவர் சொல்கிறார், உண்மையா? உள்ளூரில் யாரைக் கேட்டால் சரியான தகவல் கிடைக்கும்? படத்தில் எவ்வளவு நிஜம் என்று எப்படிச் சரிபார்ப்பது?

அன்புடன்,
ஆர்., உடுமலைப்பேட்டை

*

அன்புள்ள ஆர்.,

குழியைப் பார்க்க முடியாது. அனுமதி, சிபாரிசு, தெரிந்த வனக்காவலர் என்று யார் என்ன சொன்னாலும் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். அது கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கும் இடம். குகை வாயைச் சுற்றி இரும்பு வேலி உண்டு. அதற்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். படம் 2024 பிப்ரவரியில் வந்தது. அடுத்த சில வாரங்களிலேயே தடையைத் தாண்டி இறங்கிய மூன்று இளைஞர்களை வனத்துறை கைது செய்தது. நீங்கள் நான்காவது ஆளாக வேண்டாம்.

பின்னே எதற்குப் போவது? அந்தக் குழியிலிருந்து ஊர் எவ்வளவு தூரம் என்று பார்க்கப் போங்கள். என் கணக்கில் அந்தச் சம்பவத்தின் உண்மை முழுக்க அந்தத் தூரத்தில்தான் கிடக்கிறது. அதை அளக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

முதலில் வழி. உடுமலையிலிருந்து பழனி, அங்கிருந்து மலைப்பாதையில் 64 கிலோமீட்டர். பெருமாள்மலையில் அந்தப் பாதை வத்தலக்குண்டு சாலையோடு சேரும். சேர்ந்ததும் இரண்டு பக்க வண்டிகளும் ஒரே சாலையில் ஏறுவதால் சனி, ஞாயிறுகளில் அங்கிருந்தே ஊர்ந்துதான் போக வேண்டும். இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்ணிக்கைக் கட்டுப்பாடும் இருந்தது: கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. ஆகவே சோதனைச்சாவடியில் வரிசையில் நின்றுகொண்டு செல்போனில் பதிவு செய்யலாம் என்று கிளம்பாதீர்கள். அப்படி ஒரு கட்டுப்பாடு இருக்கும் நாளில் ஒதுக்கீடு முடிந்திருந்தால் வண்டியைத் திருப்ப வேண்டியதுதான். அரசுப் பேருந்தில் வந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டிலில் எடுத்து வாருங்கள்.

ஊருக்குள் வந்த பிறகு ஏரியைச் சுற்றி நேரத்தைக் கழிக்காமல் நேராக மேலே போய்விடுங்கள். பசுமைப் பள்ளத்தாக்கு, தூண் பாறை, குணா குகை, பைன் காடு, மோயர் பாயிண்ட் எல்லாம் ஒரே சாலையில் அடுத்தடுத்து வரும். உள்ளூர் டாக்ஸிக்காரர்கள் இதை ஒரு மாலை போலக் கோத்து, இடத்துக்குப் பதினைந்து நிமிடம் என்று ஓட்டுவார்கள். உங்களுக்கு அது உதவாது. குணா குகைக்கு மட்டும் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே போய்விட வேண்டும். தெற்குப் பக்கம் மலை சட்டென்று அறுந்து, கீழே பெரியகுளம் சமவெளியில் போய் நிற்கிறது. வெயில் ஏற ஏற அங்கிருந்து ஈரக்காற்று செங்குத்துச் சுவரில் மோதி மேலே வந்து குளிர்ந்து மூடுபனியாகிவிடும். பல நாட்களில் மதியத்துக்கு மேல் பத்தடி தள்ளி நிற்கும் ஆள் தெரியமாட்டார்.

சாலையிலிருந்து குகை வாய்க்கு நடை அரை கிலோமீட்டருக்கும் குறைவு. இந்த நடையை அவசரப்பட்டுக் கடக்காதீர்கள். தரையெங்கும் வேர்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறி, முறுக்கி, மனிதக் கையின் நரம்பு போலப் புடைத்துக் கிடக்கும். எல்லாரும் அதன்மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வேர்கள் பிறக்கும்போதே வெளியில் இருந்தவை அல்ல. மிதிபட்டு மிதிபட்டு மேல்மண் இறுகுகிறது, இறுகிய மண்ணுக்குள் மழைநீர் இறங்காமல் மேலே ஓடுகிறது, ஓடும் நீர் மண்ணை அரித்துக்கொண்டு போகிறது, வேர் வெளியே வருகிறது. வேரின் பட்டை தேய்ந்து பளபளப்பாக இருக்கும் இடத்தில் கை வைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் சோப்புக் கட்டியில் கால் வைத்தது போல வழுக்கும். தோல் செருப்பு வேண்டாம். அடியில் பள்ளம் வெட்டிய ரப்பர் ஷூ போதும். சாப்பாட்டுப் பொருள் எதையும் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள், குரங்கு பிடுங்கிவிடும்.

வேலியருகே நின்று பார்த்தால் பலருக்கு ஏமாற்றம்தான். “இவ்வளவுதானா?” என்பார்கள். குகை என்றதும் நம் மனதில் வருவது ஆந்திராவின் போரா குகை போன்ற ஒன்று: உள்ளே மண்டபம், மேலிருந்து தொங்கும் சுண்ணாம்புக் கூம்புகள். அது நீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துச் செய்த வேலை. இங்கே இருப்பது சார்னோகைட் என்னும் கடும்பாறை. அது கரையாது, வெடிப்பு விடும். தூண் பாறைகளைப் பாருங்கள். 400 அடி உயரத்துக்கு நேர்க்குத்தாக நிற்கின்றன. அந்தப் பெரும்பாறைகளுக்கு நடுவே உள்ள வெடிப்புகளும் சந்துகளும்தான் நாம் குகை என்று சொல்வது. வெடிப்பில் நீர் இறங்கும், வேர் இறங்கும், இடைவெளி அகலும். மேலிருந்து உருண்டு விழும் பாறைத் துண்டு நடுவில் ஆப்பு போலச் சிக்கிக்கொள்ளும். அதன்மேல் மண் சேரும், இலை சேரும். கடைசியில் மேலே நடப்பவனுக்கு அது தரையாகத் தெரியும். வாய் சின்னது, வயிறு பெரியது.

இரண்டு விஷயங்கள் இதிலிருந்து விளங்கிவிடும். ஒருவர் நடந்துகொண்டிருக்கும்போதே கண்ணெதிரில் காணாமல் போவது எப்படி என்பது ஒன்று. விழுந்தவர் அடிவரை போகாமல் நடுவில் தங்கி உயிர் பிழைப்பது எப்படி என்பது இன்னொன்று. கிணறாக இருந்தால் நேரே அடிவரை விழ வேண்டியதுதான். வெடிப்பு என்பதால் சில இடத்தில் சுவர்கள் நெருங்கும், சில இடத்தில் சிக்கிய பாறை திட்டாக நிற்கும். அப்படி ஒரு இடத்தில் உடம்பு தங்கினால் பிழைக்க வழியுண்டு. குரல் ஏன் சரியாகக் கேட்காது என்பதும் இதே காரணத்தால்தான்: வளைந்தும் திட்டு திட்டாகவும் இறங்கும் சந்தில் சத்தம் நேராக மேலே வராது, பாதி வழியிலேயே அமுங்கிவிடும்.

உங்கள் கட்டுரைக்குப் பெயர் வரலாறும் தேவைப்படும். 1821ல் பழனி மலையை அளக்க வந்த லெப்டினன்ட் வார்டு என்ற ஆங்கிலேயர்தான் இந்த இடத்தைக் கண்டறிந்தார் என்று சொல்லப்படுகிறது. வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் ‘டெவில்ஸ் கிச்சன்’, பேயின் அடுப்படி. பாண்டவர்கள் சமைத்த இடம் என்று ஒரு கதையும் உண்டு. 1991 தீபாவளிக்கு சந்தானபாரதி இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்து, இங்கே படமாக்கப்பட்ட ‘குணா’ வந்தது. அதன்பிறகு பழைய பெயரெல்லாம் போயே போய்விட்டது. அந்தப் படத்துக்கு முதலில் வைக்க நினைத்த தலைப்பு ‘மதிகெட்டான் சோலை’. அதுவும் இதே மலையில் உள்ள ஒரு காடுதான், உள்ளே போனவனுக்குத் திசை மறந்துபோகும் என்பார்கள். ஒரு படம் இடத்துக்குப் பெயர் கொடுத்தது, அந்தப் பெயரைத் தேடி இளைஞர்கள் வந்தார்கள், அவர்களில் ஒருவர் விழுந்தார், அது இன்னொரு படமானது, இப்போது அதைத் தேடி நீங்கள். இந்தச் சங்கிலியை மட்டும் வைத்தே ஒரு நல்ல கட்டுரை எழுதலாம்.

இனி தூரத்துக்கு வருவோம். வேலியருகே நின்று கைக்கடிகாரத்தைப் பாருங்கள். அங்கிருந்து சாலைவரை வேகமாக நடந்து வாருங்கள், ஓட வேண்டாம். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சாலையிலிருந்து பேருந்து நிலையம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர். காரில் ஏறி, காவல் நிலையம்வரை எவ்வளவு ஆகிறது என்று குறியுங்கள். பிறகு அதே வழியில் திரும்பி வந்து, அந்த நேரத்தையும் கூட்டுங்கள். கூட்டமில்லாத நாளிலேயே போகவர ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. இதில் ஊரில் யாரிடமாவது நடந்ததைச் சொல்லிப் புரியவைக்கும் நேரம், கயிறு சேகரிக்கும் நேரம் சேரவில்லை. 2006ல் எல்லார் கையிலும் செல்போன் கிடையாது, அந்தப் பக்கம் சிக்னலை நம்ப முடியாது, வந்தவர்களுக்கு மொழியும் பாதிதான். எர்ணாகுளம் மாவட்டத்து மஞ்சும்மலிலிருந்து வந்த பையன்கள். செப்டம்பர் மாதத்தில் கொடைக்கானலில் பகலிலேயே 17, 18 டிகிரிதான். மழையில் நனைந்த உடம்போடு பாறை இடுக்கில் கிடப்பவருக்கு அடியைவிடக் குளிர் பெரிய எதிரி. படத்தில் மழைநீர் குழிக்குள் பாயாமல் இருக்க நண்பர்கள் தடுக்க முயலும் காட்சி வரும். மிகை என்று உங்கள் கூட்டத்தில் யாராவது சொல்லியிருந்தால், இறுகிய மண்ணில் நீர் எப்படி ஓடுகிறது என்று அந்த வேர்த்தரையில் காட்டுங்கள்.

கயிறு பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்ப்பவர்கள் எல்லாரும் எளிது என்று நினைப்பது இதைத்தான். படத்தில் மீட்க இறங்கிய நண்பரையும் விழுந்தவரையும் சேர்த்தே மேலே இழுக்கிறார்கள். ஆளுக்கு 65 கிலோ என்றால் 130 கிலோ. கப்பி எதுவும் இல்லாமல் இழுத்தால் கயிறு குழியின் விளிம்பில் ஏறக்குறைய செங்கோணமாகத் திரும்பும். அங்கே உராய்வு. உராய்வு எண்ணை (விளிம்பு கயிற்றை எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்பதன் அளவு) 0.4 என்று குறைவாக வைத்தாலே சுமை 1.87 மடங்காகிவிடும். அதாவது மேலே இருப்பவர்கள் 240 கிலோவுக்கு மேல் இழுத்தாக வேண்டும். பத்துப் பேர் என்றால் ஆளுக்கு 24 கிலோ. கேட்க லேசாக இருக்கும். ஈர மண்ணில், கால் ஊன்ற இடமில்லாமல், எல்லாரும் ஒரே நொடியில் இழுத்தால்தான் அந்தக் கணக்கு. ஒருவர் தாளம் தப்பினால் அந்தச் சுமை மற்றவர்கள் தலையில். இறக்கும்போது அதே உராய்வு உதவி செய்யும், 70 கிலோ பிடித்தால் போதும். அதனால் இறக்குவதைப் பார்த்து ஏற்றுவதும் அப்படித்தான் என்று ஏமாறுவார்கள். கயிறு விளிம்பில் அறுபடும் என்ற ஆபத்து வேறு. மீட்புப் பயிற்சி பெற்றவர்கள் முதலில் விளிம்பில் சாக்கை மடித்துப் போடுவார்கள் அல்லது உருளை வைப்பார்கள். பிறகு கப்பிகளை வைத்து மூன்றில் ஒரு பங்கு விசையில் இழுக்கும்படி கயிற்றைக் கட்டுவார்கள். 130 கிலோ அப்போது 45, 50 கிலோ ஆகிவிடும். படம் தொடக்கத்திலேயே வடம் இழுக்கும் போட்டி ஒன்றைக் காட்டுவது வெறும் குறும்புக்காக அல்ல. சேர்ந்து இழுத்துப் பழகிய கைகள் என்பதை அங்கேயே விதைத்துவிடுகிறார் இயக்குநர் சிதம்பரம். திரைக்கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

படத்தில் நீங்கள் பார்த்த குகையின் உட்புறம் இங்கே இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். கேரளத்தின் பெரும்பாவூரில் ஒரு கிடங்குக்குள் கலை இயக்குநர் அஜயன் சாலிசேரி போட்ட செட் அது. ஆகவே “படத்தில் வந்த திட்டு எது?” என்று வேலியைப் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள். படம் 13 பேர் இதற்கு முன் விழுந்து இறந்ததாகச் சொல்லும். நாளிதழ்களைப் புரட்டினால் வேறு வேறு எண்கள் கிடைக்கும். ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்து உறுதியாக எழுதுவதைவிட, எண்கள் ஒத்துப்போகவில்லை என்று எழுதுவது நேர்மை. மீட்க இறங்கியவருக்கு, உயிர் காத்தவர்களுக்கு மத்திய அரசு தரும் ஜீவன் ரக்ஷா பதக் விருது கிடைத்தது நிஜம். காவல்துறையினர் அந்த இளைஞர்களை நடத்திய விதம் பற்றிப் படம் கடுமையாகவே காட்டியது. படம் வந்த பிறகு எழுந்த புகாரின்பேரில் அதை விசாரிக்கும்படி 2024ல் தமிழக உள்துறை காவல்துறைத் தலைவரிடம் கூறியது. இதை எழுதினால் புகார் என்றே எழுதுங்கள், தீர்ப்பாக எழுதாதீர்கள்.

உள்ளூரில் யாரைக் கேட்பது? முதலில் வயதைப் பாருங்கள். 2006ல் இருபது வயதென்றாலும் இப்போது நாற்பதை நெருங்கியோ தாண்டியோ இருக்க வேண்டும். குகைப் பக்கம் சோளமும் பிரட் ஆம்லெட்டும் விற்பவர்களில் பாதிப் பேர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள். மூஞ்சிக்கல், நாயுடுபுரம் பக்கம் பழைய டாக்ஸி ஓட்டுநர்களிடம் பேசுங்கள். “என்ன நடந்தது?” என்று கேட்டால் படத்தின் கதையையே திருப்பிச் சொல்வார்கள், குற்றம் சொல்ல முடியாது, நினைவு அப்படித்தான் வேலை செய்யும். “அந்த வருசம் ஸ்டாண்டு எங்கே இருந்தது, மேலே போகும் சாலை எப்படி இருந்தது, மழைக்கு எங்கே ஒதுங்குவீர்கள்?” என்று கேளுங்கள். படத்தில் இல்லாத விவரத்தைச் சொல்பவரிடம்தான் சொந்த நினைவு இருக்கும். எடுத்த எடுப்பில் செல்போனை நீட்டாதீர்கள், டீ சொல்லுங்கள். கயிறு எங்கள் கடைக் கயிறு என்று இரண்டு கடைக்காரர்கள் சொன்னால், இரண்டையும் எழுதிக்கொண்டு புன்னகையோடு வாருங்கள். பிழைத்தவர்களின் வீட்டைத் தேடி மஞ்சும்மல் போகும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். அவர்கள் பேட்டிகளில் வேண்டிய அளவு பேசிவிட்டார்கள்.

காகிதம்தான் நிலைக்கும். விழுந்தவர் உயிரோடு வந்துவிட்டதால் முதல் தகவல் அறிக்கையே பதிவாகாமல் போயிருக்கலாம். நிலையத்தின் பொது நாட்குறிப்பில் நாலு வரி இருந்தாலும் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டு மனு போடுங்கள்: ஒன்று காவல்துறைப் பொதுத் தகவல் அலுவலருக்கு, இன்னொன்று தீயணைப்பு மீட்புத் துறைக்கு. மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பலரும் தவறு செய்வது கேள்வியில். “ஏன் தாமதம்?”, “எப்படி மீட்டீர்கள்?” என்று கேட்டால், இது தகவல் அல்ல, விளக்கம் என்று திருப்பிவிடுவார்கள். “2006 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கொடைக்கானல் தீயணைப்பு நிலைய அழைப்புப் பதிவேட்டின் பக்க நகல்” என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பெரும்பாலும் “காலம் கடந்ததால் ஆவணம் அழிக்கப்பட்டது” என்று வரும். சோர்ந்துவிடாமல், அழித்ததற்கான உத்தரவின் நகலைக் கேளுங்கள். அதில் தேதி இருக்கும்.

நாளிதழ் தேடுவதானால், சென்னைப் பதிப்பில் இந்தச் செய்தி வந்திருக்க வாய்ப்பு குறைவு. மதுரை, திண்டுக்கல் பதிப்பின் மாவட்டப் பக்கம்தான் உங்கள் இடம். மலையாளத்தில் எர்ணாகுளம் பதிப்பு. கன்னிமாரா நூலகத்தில் கேட்பதானால், எந்தப் பதிப்பைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று முதலில் விசாரித்துவிட்டுப் பயணம் கிளம்புங்கள். சம்பவ நாளை மட்டும் பார்க்காதீர்கள். மலையிலிருந்து செய்தி இறங்க அப்போதெல்லாம் ஒன்றிரண்டு நாள் ஆகும்.

செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாளில் போங்கள். திரும்பும்போது வெளிச்சம் இருக்கும்போதே பெருமாள்மலை தாண்டிவிடுங்கள். பழனிப் பாதையில் இரவில் காட்டெருமை குறுக்கே நின்றால் ஹாரன் அடிக்காமல், விளக்கைத் தாழ்த்திக் காத்திருக்க வேண்டும். கடிகாரத்தில் குறித்த நேரங்களை எனக்கும் எழுதுங்கள், எந்தக் கிழமை, மழை இருந்ததா என்பதோடு சேர்த்து.

அன்புடன்.